பாட்டுக்காரக் கௌபோயும் பல் டொக்டரும்

என் அருமைத் தம்பி,

இதை நீ உன் வேகத்தில் வாசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தாயே, அந்த வேகம் போதும். நானும் ஊரில் ஓ.எல்., பத்தாம் வகுப்புச் சோதினை வரைதான் படித்தவன், எனக்கும் அந்த வேகத்தில்தான் எழுத வருகிறது. விளங்காத சொல் வந்தால் அம்மாவிடம் கேள். நீ கட்டப்போகிற நிலாவிடம் மட்டும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அவள் நல்ல பிள்ளை, அதனால்தான் சொல்கிறேன். நேரே கொண்டுபோய்த் தன் தகப்பனிடம் காட்டிவிடுவாள். இந்தக் கடிதத்தில் அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் பொறாமையாக எழுதப் போகிறேன். கொஞ்சம் என்று போட்டது மரியாதைக்கு.

போன கிழமை தொலைபேசியில் நடந்ததை முதலில் முடித்துவிடுவோம். வருகிற சனிக்கிழமை காலை உனக்குக் கல்யாணம், பின்னேரம் வரவேற்பு. நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "தாலி கட்டுறதுக்கு வருவன் தம்பி. றிசெப்ஷனுக்கு வரமாட்டன். முழங்கால் நோ." நீ, "உங்கடை முழங்காலுக்கு காலமையும் பின்னேரமும் எப்பிடியப்பா வித்தியாசம் தெரியுது?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றுவிடுவேன் என்று அடக்கிக்கொண்டேன். அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா வெளியே வந்து, "இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே? பெடியன் அழுதிருப்பான்" என்றாள். நீ அழுதிருப்பாய் என்று கேட்டபோது எனக்குக் கவலையாக இருந்தது. எனக்காக அழுதிருப்பாய் என்று நினைக்க ஒரு பக்கம் திருப்தியாகவும் இருந்தது. என் நிலைமை அவ்வளவு மோசம், பார்த்துக்கொள்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்று உனக்குத் தெரியும். விஷயம் அந்தப் பாட்டு. வரவேற்பில் நீயும் உன் மாமனாரும் மேடையில் ஏறி, அவர் கிற்றார் வாசிக்க, இரண்டு பேரும் சேர்ந்து குதிரைப் பாட்டைப் பாடப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். எங்கள் குதிரைப் பாட்டை. நான் கட்டிய பாட்டை.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். நான் லண்டனுக்கு வந்த புதிதில் மிச்சம் என்கிற இடத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் வேறு பெடியளோடு இருந்தேன். இரவில் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். பகலில் மற்றவர்கள் வேலைக்குப் போய்விட, எனக்கு நித்திரை வராது. பழைய ரீவி ஒன்று இருந்தது. மத்தியானத்தில் அதில் கறுப்புவெள்ளைக் கௌபோய்ப் படங்கள் போடுவார்கள். பெரிய படங்கள் இல்லை, சின்னக் காசில் எடுத்த படங்கள். ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கதாநாயகன் குதிரையில் வருவான், கையில் துவக்கு இருக்கும், முதுகில் கிற்றார் இருக்கும். ஊருக்குள் ஒரு கெட்டவன் ஏழைகளின் நிலத்தைப் பறிக்கப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைப் பிடிக்க வேண்டும். ஆனால் பிடிக்கப் போகிறதுக்கு முன்னம் நம்முடைய ஆள் ஒரு மரக்கட்டையில் குந்தியிருந்து ஒரு பாட்டு முழுவதையும் பாடி முடிப்பான். கெட்டவனும் மரியாதையாக அதுவரை காத்திருப்பான்.

எனக்கு அந்த நேரம் இங்கிலீஷ் சரியாக விளங்காது. இந்தப் படத்துக்கு அது தேவைப்படவில்லை. வெள்ளைத் தொப்பி நல்லவன், மெல்லிய மீசை கெட்டவன். துரத்துகிற நேரம் ஒரே பாறையைத்தான் திரும்பத் திரும்பத் தாண்டுவார்கள். குதிரை ஓடுகிற அதே ஊரில் காரும் இருக்கும், ரெலிபோனும் இருக்கும், ஒருத்தரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். துவக்கில் ஆறு குண்டு போடலாம், ஆனால் சுடச்சுட வந்துகொண்டே இருக்கும். அவ்வளவு சுட்டும் ஒருத்தருக்கும் ஒரு சொட்டு இரத்தம் வராது. சூடுபட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, துணி காயப்போட்ட கொடி அறுந்ததுபோல மெதுவாகச் சரிவான். தம்பி, நான் விட்டு வந்த ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் நாங்கள் நிலத்தில் படுப்போம். இங்கே அந்த முன்னறையில் கட்டிலில் இருந்தபடி, வெடி கேட்டும் படுக்காமல், பாண் தின்றுகொண்டு சிரித்தேன். பெரிய இயக்குநர்கள் எடுத்த நல்ல படங்களை எல்லாம் பிறகு பார்த்தேன். அவற்றில் இரத்தம் வருகிறது. அவை தரமான படங்கள்தான், எனக்கு வேண்டாம். இத்தனை வருடம் கழித்து இன்னும் ஆட்கள் இந்த மலிவுப் படங்களைத் தேடிப் பார்க்கிறார்கள் என்றால், அவர்களும் எங்கேயோ ஒரு முன்னறையில் என்னைப்போல இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு நீ வந்தாய். சனிக்கிழமை மத்தியானம் என்றால் எனக்கும் உனக்கும் படம். சோபாவின் கைப்பிடியில் நீ ஏறி இருப்பாய், அதுதான் குதிரை. நீ கதாநாயகன். அந்தப் படங்களில் கதாநாயகனோடு கூடவே ஒரு கோமாளி வருவானே, கோவேறு கழுதையில், தாடியும் கிழிந்த தொப்பியுமாக, எப்போதும் பசியோடு. அது நான். அவனுக்கு ஒரே வேலைதான்: குதிரைக்குத் தண்ணி வைக்கிற தொட்டிக்குள் விழ வேண்டும். அவன் படத்தில் விழுகிற நேரம் நான் சோபாவில் இருந்து கம்பளத்தில் விழுவேன். நீ "இன்னொருக்கா அப்பா" என்பாய். திரும்ப விழுவேன். உன் அம்மா வந்து, "பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்குச் சொல்லப் போகினம்" என்று கத்துவாள்.

பாட்டு கட்டியது ட்ராமில். விம்பிள்டனில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற நேரம் உனக்குப் பசி, ட்ராம் முழுக்கக் கேட்க அழுதாய். எனக்கு அந்தக் கௌபோயின் மெட்டு மட்டும்தான் தெரியும், சொற்கள் தெரியாது. வாயில் வந்ததைப் போட்டேன்:

ஏறு குதிரை, ஏறு குதிரை,
பாலம் தாண்டிப் பாய் குதிரை,
அம்மா வைச்ச சோறு ஆறுது,
ஆற முன்னம் சேர் குதிரை!

நீ அழுகையை நிற்பாட்டினாய். பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர்கூடத் தலையாட்டினார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கலை அதுதான். அதற்குப் பிறகு உனக்குத் தலை முழுகவார்க்கிற நேரம், ஊசி போடப் போகிற நேரம், பள்ளிக்கூடம் முதல்நாள், எல்லாவற்றுக்கும் அந்த நாலு வரிதான்.

பிறகு உனக்கு மீசை அரும்பியது. ஒரு சனிக்கிழமை வாசலில் நின்றபடியே ரீவியைப் பார்த்துவிட்டு, "அப்பா, இட்ஸ் ஸோ சீப். அதே பாறை" என்றாய். "ஓம், எனக்கும் தெரியும் அதே பாறைதான் எண்டு" என்றேன். நீ மேலே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த வயதில் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனே சீப்பாகத்தான் தெரிவார்கள். நான் தனியே பார்த்தேன். தனியே விழ ஏலாது, அதனால் விழவில்லை.

இப்போது விம்பிள்டன். நிலாவின் அப்பா மதுரைப் பக்கத்து ஆள், பல் டொக்டர், என்னைவிட உயரம், என்னைவிட முடி. முதல் சந்திப்பில் என் கையைப் பிடித்து, "சம்பந்தி, நீங்களும் கௌபாய் பைத்தியமாமே! மாப்பிள்ளை சொன்னார். நானும்தான்!" என்றார். லண்டனில் இந்தப் படங்களைப் பார்க்கிற ஒரே தமிழன் நான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். யாரும் கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்த பெருமை, அதை ஒருத்தரும் கேட்கவுமில்லை. இந்த மனிதர் வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் படம் விழுகிறது. அலுமாரி நிறையப் படங்கள். குதிரைகளின் பெயர் எல்லாம் தெரியும். "எனக்கு அவங்க பல்லுதான் சார் முதல்ல புடிச்சுது. அந்தக் காலத்துல அவ்வளவு வெள்ளையா ஒரு செட்டு!" என்கிறார். பல்லைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அன்றிரவு ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், அருமையான பல். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அங்கே. "மாமாவோடை படம் பார்த்தன் அப்பா, நீங்களும் வாங்கோ" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவாய். நான் கடையில் வேலை என்பேன், தடிமனும் தும்மலும் என்பேன். சீப் என்று சொன்ன பிள்ளை, அதே பாறையை விம்பிள்டனில் சுவர் அளவில் பார்க்கிறானே என்று உள்ளுக்குள் புகையும். கொஞ்சப் பேருக்கு மகன் கூடாத சிநேகிதர்களோடு திரிகிறான் என்று கவலை. எனக்கு நீ ஒரு பல் டொக்டரோடு படம் பார்க்கிறாய் என்று கவலை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

போதாக்குறைக்கு அவர் எனக்கு ஒரு தொப்பி அனுப்பினார். உண்மையான கௌபோய்த் தொப்பி, வெள்ளை, பெரிய பெட்டிக்குள். 'சம்பந்திக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தது. அது எனக்கு அளவாக இருந்ததுதான் பெரிய கொடுமை. பின்வளவுக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தேன். குதிரைப் பாட்டை அவரும் பாடப் போகிறார் என்று கேள்விப்பட்ட பிறகு, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்ரை பாட்டையும் திருப்பித் தாங்கோ" என்று கேட்பது என்று முடிவெடுத்தேன். நேற்று நீயும் நிலாவும் மண்டப அலங்காரத்துக்குப் போயிருந்தீர்களே, அந்த நேரம் பார்த்துப் புறப்பட்டேன். தொப்பிப் பெட்டியைத் தேடினால், அதற்குள் உன் அம்மா கல்யாணத்துக்குச் சுட்ட பயற்றம் பணியாரத்தை அடுக்கி வைத்திருக்கிறாள். "தொப்பியைக் கையிலை கொண்டு போங்கோவன், அது என்ன உடைஞ்சுபோற சாமானே?" என்றாள். கையில் கொண்டுபோனேன். ட்ராம் தரிப்பில் மழை பிடித்தது. கையில் இருக்கிற தொப்பி நனைய, தலையும் நனைய நிற்கிறவன் எவ்வளவு பெரிய மடையன் என்று யோசித்துப் பார்த்து, தலையில் போட்டேன்.

ட்ராமுக்குள் ஏறினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். "நைஸ் ஹற் அங்கிள்! குதிரையை எங்கே பார்க் பண்ணினீங்கள்?" என்று ஒருத்தன் இங்கிலீஷில் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்து அந்தத் தொப்பியைக் கொஞ்சம் சரித்தும் விட்டேன்.

டொக்டர் இடுப்பில் கட்டின சாரத்தோடு கதவைத் திறந்தார். தொப்பியோடு நனைந்து நின்ற என்னைக் கண்டதும், "சம்பந்தி! வாங்க, வாங்க! போட்டுட்டே வந்துட்டீங்களே!" என்று கட்டிப் பிடித்தார். திருப்பிக் கொடுக்க வந்தவன் எப்படிப் பிறகு கழற்றுவது? அப்படியே போய் இருந்தேன். சுவரில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். நல்ல சோபா, தம்பி, விழுவதற்கு ஏற்ற உயரம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கோமாளி கழுதையில் இருந்து தொட்டிப் பக்கம் சரியத் தொடங்கினான். டொக்டர் உடனே படத்தை நிற்பாட்டினார்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்றேன்.

"பழக்கம் சார். உங்க பையன் இங்க நிறுத்துவான். 'மாமா, இந்த இடத்துல எங்க அப்பா விழுவார்'னு எந்திரிச்சுக் காட்டுவான். அடுத்து பாட்டு வந்தா நிறுத்துவான், 'இந்த மெட்டுலதான் எங்க அப்பா பாட்டு.' பாறை வந்தாலும் நிறுத்துவான். படம் பாக்கத்தான் வர்றான்னு நெனச்சு நான் பாப்கார்ன் எல்லாம் வாங்கி வெச்சேன். ஒரு படத்தையாவது முழுசா முடிச்சிருப்போம்னா நெனைக்கிறீங்க?"

அவர் கையில் இருந்த றிமோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பாட்டை எனக்குச் சொல்லிக்குடுன்னு நான்தான் கெஞ்சினேன். என் பொண்ணு என்கூட ஒரு நாள் உக்காந்து இதைப் பாத்ததில்ல. எங்க வீட்ல நான் விழுந்தா கீழ விழுந்துட்டேன்னுதான் சொல்லுவாங்க. தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி, உங்களைப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு" என்றார்.

என் பொறாமையை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ட்ராமில் வந்தால், எனக்கு முன்னம் அவர் தன்னுடையதை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அதிலும் அவர்தான் முந்தி. வீடு வரும்வரை நான் அதை நினைத்தே புழுங்கினேன். ஆனால் அந்த நேரம் எனக்கு வாயில் வந்தது வேறு. "பாட்டைப் பாடிக் காட்டுங்கோ பாப்பம்" என்றேன். அவர் கிற்றாரை எடுத்துப் பாடினார். நல்ல குரல், என்ன செய்வது. ஆனால் கடைசி வரியை ஏதோ கச்சேரிபோல இழுத்தார். "டொக்டர், அதை இழுக்கப்பிடாது. இழுத்தால் குதிரை நிண்டுடும், சோறு ஆறிடும்" என்றேன். "அப்படியா? பையன் இதைச் சொல்லலியே!" என்றார். "அவனுக்கு எப்பிடித் தெரியும்? அவன் குதிரையிலை இருந்தவன். ஓட்டினவன் நான்" என்று நான் சொல்ல, அவர் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, "சார், அந்த விழுறதை ஒரு தடவை காட்டுங்களேன்" என்றார்.

காட்டினேன்.

உனக்கு இப்போது விளங்கியிருக்கும் அம்மா ஏன் நேற்றுத் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே பேசினாள் என்று. அந்த வீட்டில் கம்பளம் இல்லை, தம்பி, மரத்தரை. டொக்டர்தான் தூக்கி நிமிர்த்தினார், தன் காரிலேயே கொண்டுவந்து விட்டார். இப்போது எனக்கு உண்மையாகவே முழங்கால் நோ. பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்த இடத்திலேயே சரியாக அடிபட்டிருக்கிறது. இதை எழுதுகிற நேரம் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு, ஐஸாக உறைந்த பட்டாணிப் பை ஒன்றை முழங்காலில் கட்டியபடி இருக்கிறேன்.

ஆகவே, வரவேற்புக்கு வருகிறேன். நொண்டிக்கொண்டு வருவேன். அந்தக் கோமாளியும் நொண்டிதான், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். டொக்டர் வாசிக்கட்டும், நீயும் அவரும் பாடுங்கள். கடைசி வரியில் அவர் இழுத்தால் நான் மேடைக்குக் கீழே இருந்து இருமுவேன். பொறாமை போய்விட்டது என்று மட்டும் நினைக்காதே. அவருடைய சுவர் அளவுப் படத்தையும் அலுமாரியையும் முடியையும் நினைத்தால் இன்னும் எரிகிறது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வந்து எரியலாம் என்று இருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம், உன் அம்மா கேட்கிறாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நிலாவின் சிநேகிதர் மேலோ, வேலை மேலோ, நாளைக்குப் பிறக்கிற பிள்ளை மேலோ உனக்குப் பொறாமை வரும். வந்தால் டொக்டரைப்போல வாயைத் திறந்து சொல்லிவிடு. முழங்கால் நோ என்று சொல்லாதே. இரண்டு பேருக்கும் சண்டை வந்தால், கெட்டவனைப் பிடிக்கப் போகமுன் நம்முடைய ஆள் மரக்கட்டையில் இருப்பானே, அப்படி ஒரு பாட்டு நேரம் இருந்துவிட்டுப் பிறகு அவளோடு கதை. எங்கள் வீட்டில் நான் அதைச் செய்ததில்லை. அதனால்தான் அம்மாவிடம் ஒரு சண்டையிலும் வென்றதில்லை.

சனிக்கிழமை காலை இங்கே எங்கள் மிச்சம் வீட்டில், எங்கள் வழக்கப்படி உனக்குத் தலைப்பாகை வைத்துத்தான் மண்டபத்துக்கு அனுப்புவோம். அதை என் கையால் வைக்கிறேன். அதில் டொக்டருக்குப் பங்கில்லை, அவர் எத்தனை தொப்பி வைத்திருந்தாலும். அந்தப் படங்களில் எவ்வளவு அடிபட்டாலும் கதாநாயகனின் தொப்பி விழாது, கவனித்திருக்கிறாயா? உன்னுடையதும் விழாதபடி இறுக்கி வைப்பேன், நோகிறது என்று சிணுங்காதே. எல்லாம் முடிந்து ஊரை விட்டுப் போகிற நேரம் அவன் குதிரையைத் திருப்பி, தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவான். கோமாளி தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கையாட்டுவான். நீ தலைப்பாகையைத் தூக்க ஏலாது, ஐயர் ஏசுவார். காரில் ஏறமுன் ஒருக்கால் திரும்பிப் பார். நான் வாசலில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன்.

அப்பா